கருவூலத்துக்குப் போன கைராசி

முன்னொரு காலத்தில், மழை பெய்ய மறந்தாலும் அரசர் ஆணையிட மறக்காத ஒரு நாடு இருந்தது. அரசர் பெயர் உதயேந்திரர். நல்லவர், இரக்கமுள்ளவர். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் புதிதாக ஓர் ஆணை போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு வெள்ளிக்கிழமை, அரண்மனைக் கிளிகள் இனி ஒட்டுக்கேட்கக் கூடாது என்றார். இன்னொரு வெள்ளிக்கிழமை, கொட்டாவி விடுகிறவர்கள் அடுத்தவர் முகத்தைப் பார்த்து விடக் கூடாது என்றார். குடிகள் பழகிக்கொண்டார்கள். சனிக்கிழமை கைகட்டிக் கேட்பார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் அரசரே மறந்துவிடுவார்.

அப்படிப் பிறந்த ஆணைகளில் ஒன்றே ஒன்றுதான் நிலைத்தது.

"நம் கருவூலத்தில் தலைமுறை தலைமுறையாக நகைகள் இருட்டில் கிடக்கின்றன. முட்டையாக இருந்தால்கூட இத்தனை நாள் அடைகாத்ததற்குக் குஞ்சு பொரித்திருக்கும். கடைத்தெருவில் ஒரு கடை வையுங்கள். குடிகள் வாங்கி அணியட்டும்" என்றார் அரசர். இப்படித்தான் அரண்மனை நகைக்கடை உண்டாயிற்று.

அந்தக் கடையில் வேலை பார்த்தவள் தைலம்மை.

சேர்ந்த புதிதில் அவளுக்குக் கண்ணாடி துடைக்கிற வேலை. நகையைக் கழுத்தில் வைத்துப் பார்க்கிற பெண்கள் ஆசையில் கண்ணாடிக்கு மிக அருகே போய்விடுவார்கள். அவர்கள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிப்போகும். அதைத் துடைத்துக்கொண்டே இரண்டு வருஷம் நின்றாள். பிறகு வெள்ளிப் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கிருந்து தோடு, மூக்குத்தி. பன்னிரண்டாம் வருஷம் திருமாங்கல்யம் விற்கிற இடத்துக்கு வந்தாள். கடையில் அதைவிடப் பெரிய இடம் கிடையாது.

நாள் முழுக்கத் தங்கத்தை எடுத்துக் கொடுத்த அவள் காதில் வேப்பங்குச்சிதான் இருந்தது; கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. கடைச் சட்டம் அப்படி. வேலை செய்கிறவர்கள் பொன் அணிந்து உள்ளே வந்தால், எது கடையுடையது, எது அவர்களுடையது என்று குழப்பம் வருமாம். தைலம்மைக்கு அதில் வருத்தம் இல்லை. சாயங்காலம் கால் வீங்கிப் போவதில்தான் வருத்தம்.

ஒரு நகையை வாங்கியவர் கையில் கொடுப்பதற்கு முன்னால், அவள் ஒரு நொடி கண்ணை மூடுவாள். "சாமி, இது இவங்க வீட்டிலேயே பழசாகட்டும்" என்று மனசுக்குள் சொல்வாள். அடகுக்கும் போகாமல், விலைக்கும் போகாமல், ஒரு வீட்டிலேயே ஒரு நகை தேய்ந்து பழசாவதைப்போல ஒரு குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும்? இந்த வேண்டுதலை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஜனங்களுக்கு ஏதோ தெரிந்தது. "தைலம்மா கையால வாங்கினா குடும்பம் தழைக்கும், கைராசிக்காரி" என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது.

பக்கத்து மேடையில் சபேசன் என்றொருவன் உட்கார்ந்திருந்தான். கருவூலத் தலைவர் கோடிலிங்கனாருக்கு மைத்துனன். அவர் மனைவியின் உடன்பிறந்த தம்பி. அவன் மேடையில் ஈகூட உட்காராது.

"இங்க வாங்கம்மா, இங்கேயும் அதே நகைதான்" என்று கூப்பிடுவான்.

"இருக்கட்டும் தம்பி. அந்தம்மா கை ஒழியட்டும். நாங்க காத்திருக்கோம்" என்பார்கள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சபேசன், ஒரு நாள் அக்கா வீட்டுக்குப் போய் விருந்துச் சோற்றின் முன்னால் உட்கார்ந்து முறையிட்டான்: "அத்தான், என் கையில என்ன முள்ளா முளைச்சிருக்கு? நீங்க இருக்கும்போதே எனக்கு இந்தக் கதி!"

கோடிலிங்கனார் வாயில் இருந்த வடையை மெதுவாக மென்று விழுங்கினார். அவர் மனத்தில் ஒரு யோசனை விழுந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை தைலம்மையை அரசவைக்கு அழைத்துவரச் சொல்லி ஆள் வந்தது. வெறுங்காலோடு அந்தப் பெரிய மண்டபத்தில் நின்றபோது எங்கே பார்ப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. அரசரைப் பார்த்தாள். இடது காதுக் கடுக்கனில் கொக்கி தளர்ந்திருப்பதுதான் முதலில் கண்ணில் பட்டது. பன்னிரண்டு வருஷத் தொழில் வேறு என்ன செய்யும்?

கோடிலிங்கனார் எழுந்து வணங்கினார்.

"அரசே, ஓர் ஐயம். மண்ணுக்குள் புதையல் கிடைத்தால் அது யாருக்கு உரியது?"

"எமக்கு."

"காட்டில் கிடைக்கும் யானைத் தந்தம்?"

"அதுவும் எமக்கே."

"அப்படியானால், தங்கள் கடையில், தங்கள் சம்பளத்தில் நிற்கும் ஒருத்தியின் கையில் கிடக்கும் ராசி யாருக்கு உரியது?"

அரசர் தாடையைத் தடவினார். இந்த வாரத்து ஆணை இன்னும் கிடைக்காமல் அவர் காலையிலிருந்து பட்டினி. "ஆமாம்! அதுவும் எமக்குத்தானே?" என்றார் பரவசமாக.

தூணருகே நின்ற விகடகவி மருதப்பர் தொண்டையைச் செருமினார். "அரசே, அடியேன் தலையில் ஏழெட்டுப் பேன்கள் இருக்கின்றன. அவற்றையும் இன்றே ஒப்படைத்துவிடட்டுமா?"

"பேன் உம்முடையதே. நீரே வைத்துக்கொள்ளும்" என்றார் அரசர். அவை சிரித்தது. மருதப்பர் எல்லாரையும்விடச் சற்று அதிகமாகவே சிரித்தார்.

கோடிலிங்கனார் ஓலையை எழுதியே கொண்டுவந்திருந்தார். வாசித்தார்: "தைலம்மையின் கைராசியும், அந்தக் கைராசியால் இதுவரை விளைந்தவை யாவும், மூன்றாம் நாள் உச்சிப் பொழுதுக்குள் கருவூலத்தில் சேர்க்கப்பட வேண்டும். சேர்த்தவை மீண்டும் வெளியே போகக் கூடாது. தவறினால், கைராசி குடியிருக்கும் அந்தக் கையே கருவூலத்தில் இருக்க வேண்டும்."

'விளைந்தவை யாவும்' என்று அவர் எழுதியதற்குக் காரணம் இருந்தது. மனம் குளிர்ந்த வாடிக்கைக்காரர்கள் தைலம்மைக்குப் பட்டும் பாத்திரமும் ரகசியமாகக் கொடுத்திருப்பார்கள், அதையும் வாரிவிடலாம் என்று நினைத்தார். தாம் அந்த இடத்தில் இருந்தால் வாங்கியிருப்போம் என்பதால் அவருக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

"கையை வெட்டச் சொல்கிறீரா?" அரசர் முகம் சுளித்தார். "அது பாவம்."

"வெட்டுவானேன், அரசே? கை இருக்கும் இடத்தில் ஆளும் இருந்துகொள்ளட்டும். வேளாவேளைக்குச் சோறு தருவோம்."

கருவூலத்துக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே போகிறவர்கள் விளக்கோடுதான் போவார்கள். ஆயுள் முழுக்க அந்த இருட்டில்தான் என்று தைலம்மைக்குப் புரிந்தது. தான் இனிமேல் அந்த மேடையில் நிற்க முடியாது, கல்யாணப் பெண்களின் முகத்தைப் பார்க்க முடியாது என்பதே அதற்கும் முன்னால் நினைவுக்கு வந்தது.

"மருதப்பர் நிறையச் சிரித்தார், அரசே. சேர்க்கும் பொறுப்பை அவரே ஏற்கட்டும். முடியாவிட்டால் அவையை விட்டு விலகட்டும்" என்றார் கோடிலிங்கனார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அரசர் முத்திரை வைத்தார். மருதப்பர் பணிவாகக் கேட்டார்: "கருவூலத்தார் எதையும் முறைப்படி நிறுத்து, உரைத்துத்தானே வாங்குவார்கள்?"

"ஒரு குன்றிமணிகூட என் தராசில் ஏறாமல் உள்ளே போகாது" என்றார் கோடிலிங்கனார் பெருமையாக.

"முரசறைந்து திரட்ட அனுமதி உண்டா?"

"உண்டு" என்றார் அரசர். அவருக்குப் பசி வந்துவிட்டிருந்தது.

வெளியே வந்ததும் தைலம்மை மருதப்பரைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, நீங்க சிரிச்ச சிரிப்புலதான் இவ்வளவும் வந்தது. வாயை மூடிட்டு நின்னிருக்கக் கூடாதா?"

"வாயை மூடிட்டு நின்னா எனக்கு யாரம்மா படியளப்பாங்க? சரி, அதை விடு. உண்மையைச் சொல்லு. உன் கையில ராசி இருக்கா, இல்லையா?"

"கையில காய்ப்புத்தான் இருக்கு. பாருங்க." விரித்துக் காட்டினாள். நகைத்தட்டைத் தூக்கித் தூக்கி உள்ளங்கையில் தடிப்பு ஏறியிருந்தது.

"பின்னே ஏன் ஊரே உன்கிட்ட வந்து நிக்குது?"

"எனக்கு எப்படித் தெரியும்? வர்றவங்க கேட்டதை எடுத்துக் காட்டுறேன். சில பேருக்கு அவங்க கேக்குறது ஒண்ணு, வேண்டியது இன்னொண்ணா இருக்கும். அதைக் கொஞ்சம் பொறுமையாப் பார்ப்பேன். அதுக்குப் பேரு ராசியா?"

மருதப்பர் நடையை நிறுத்தினார். "யார் யாருக்கு வித்தேன்னு ஞாபகம் இருக்கா?"

அது அவளிடம் கேட்கக்கூடாத கேள்வி. ஒரு தடவை பார்த்த கழுத்தைத் தைலம்மை மறந்ததில்லை. மேலவீதி எண்ணெய்க்காரர் மகள், பிடரியில் மச்சம். ஆற்றங்கரை அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரு ஜோடித் தோடு. வடக்கூர் உழவர் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு அட்டிகை. சொல்லிக்கொண்டே போனாள். வீடு வந்து சேர்ந்த பிறகும் சொன்னாள். மறுநாள் கடையில் கூட்டம் இல்லாத நேரத்திலும் சொன்னாள். மருதப்பர் ஓலையில் கிறுக்கிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"இன்னும் ஒருத்தர் உண்டு. பேர் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"முக்காடு போட்டு வந்தாங்க. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க. நகைக்கடையில நிக்கிறவ அதைச் சொல்லலாமா, ஐயா?"

"உன்னையே உள்ளே வச்சுப் பூட்டப் போறாங்க, பெண்ணே."

"பூட்டட்டும். அவங்களை ஏன் நடுத்தெருவுக்கு இழுக்கணும்?"

மருதப்பர் அதற்குமேல் கேட்கவில்லை. எழுத்தாணியை இடுப்பில் செருகிக்கொண்டு, "கொடுத்த சொல்லைக் காப்பாத்துறவளைக் கடவுள் கைவிட்டா, அப்புறம் கடவுளுக்கு என்ன வேலை?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பிற்பகல் தெருத்தெருவாக முரசு ஒலித்தது: "தைலம்மையின் கையால் நகை வாங்கி நன்மை கண்டவர்கள், அந்த நன்மையை எடுத்துக்கொண்டு மூன்றாம் நாள் உச்சிப் பொழுதுக்குள் கருவூல வாசலுக்கு வரவேண்டும். அரசர் ஆணை!"

மூன்றாம் நாள் கருவூல முற்றத்தில் கோடிலிங்கனார் காலையிலேயே தயாராகிவிட்டார். பெரிய தராசு, சின்னத் தராசு, உரைகல், காலிப் பெட்டிகள் இருபது. பட்டும் பாத்திரமும் வண்டி வண்டியாக வரும் என்று எதிர்பார்த்து, தூக்குவதற்குச் சபேசனையும் கூட்டி வந்திருந்தார். அரசர் நிழலில் ஆசனம் போட்டு அமர்ந்தார். தைலம்மை ஓரமாக, கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். திறந்திருந்த கதவுக்குள் இருட்டு தெரிந்தது.

முதலில் வந்தவள் எண்ணெய்க்காரர் மகள் செங்கமலம். இடுப்பில் ஒரு குழந்தை. கணவன் தோளில் இன்னொன்று. இரட்டை.

"நகை எங்கே?" என்றார் கோடிலிங்கனார்.

"நகையை ஏன் கேட்கிறீர்கள்?" என்றார் மருதப்பர். "அது விலை கொடுத்து வாங்கியது. ஆணை கேட்பது விளைந்ததை. இந்தப் பெண்ணுக்கு நாலு இடத்தில் பேசிக் கலைந்தது. ஐந்தாம் இடத்தில் பையனுடைய அம்மா தங்கக் காப்பு கேட்டு நின்றாள். 'காப்பை மாமியாரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், கூட்டி வாருங்கள்' என்றாள் தைலம்மை. அந்த அம்மாள் வந்தாள், காலையிலிருந்து மாலைவரை பெண்ணோடு உட்கார்ந்து பார்த்தாள். போகும்போது திருமாங்கல்யத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, காப்பு வேண்டாம், பெண் போதும் என்று சொல்லிவிட்டாள். அதன் விளைச்சல் இவை இரண்டும். ஏற்றுங்கள் தராசில்!"

"குழந்தையையா?"

"ஒரு குன்றிமணிகூடத் தராசில் ஏறாமல் உள்ளே போகாது என்றீர்களே!"

அரசர் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் கோடிலிங்கனார் ஒரு குழந்தையை வாங்கித் தட்டில் வைத்தார். அது தராசுச் சங்கிலியைப் பிடித்து வாயில் வைத்தது. "உரைத்தும் பாருங்கள்" என்றார் மருதப்பர். உரைகல்லை அருகே கொண்டுபோனதும் குழந்தை அதன்மேல் நனைத்துவிட்டது.

"மாற்றுக் குறையாத தங்கம்" என்றார் மருதப்பர். "சபேசரே, பெட்டியில் வையும்."

அடுத்து ஆற்றங்கரை அண்ணன் தம்பிகள் வந்தார்கள். கையில் ஒன்றுமில்லை.

"இவர்கள் எதைக் கொண்டு வந்தார்கள்?"

மூத்தவர் சொன்னார்: "ஐயா, எங்கம்மா விட்டுட்டுப் போனது ஒரு ஜோடித் தோடு. ஆளுக்கு ஒண்ணுன்னு சண்டை. உடைச்சு உருக்கிப் பங்கு போடலாம்னு கடைக்குப் போனோம். இந்தம்மாதான் 'ஒத்தைத் தோட்டை எந்தக் காதுல போடுவீங்க? ஆறு மாசம் அண்ணி போடட்டும், ஆறு மாசம் தம்பி பொண்டாட்டி போடட்டும். கைமாத்துற அன்னிக்கு அந்த வீட்டுல சாப்பிட்டுட்டு வாங்க' ன்னாங்க. அப்படியே செஞ்சோம். இப்ப மாசத்துக்கு ரெண்டு தடவை சாப்பிடுறோம்."

"அண்ணி மீன் குழம்பு வச்சா கேக்கவே வேணாம்" என்றார் இளையவர். "சமாதானம் வந்திருக்கு, ஐயா. எங்கே வைக்கணும்?"

கோடிலிங்கனார் தராசைப் பார்த்தார். தராசு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு வடக்கூர் உழவர் வந்தார். கையில் ஒரு மண்கட்டி. "ஐயா, மக கல்யாணத்துக்கு நாப்பது பவுன் அட்டிகை கேட்டு, வயலை விக்கப் போனேன். இந்தம்மா பத்துப் பவுன்ல ஒண்ணைக் காட்டினாங்க. பார்வைக்கு அதுவும் இதுவும் ஒண்ணுதான். 'கழுத்துக்கு ஏன் பாரம்? வயல் இருந்தா பேரன் சாப்பிடுவான்' ன்னாங்க. வயல் பொழைச்சுது. அதைத்தான் கொண்டாரச் சொன்னீங்க. வாசல்ல நுழைய மாட்டேங்குது. சுவரை இடிச்சுக் குடுத்தீங்கன்னா எடுத்தாந்துடுவேன்."

அரசரின் தோள் குலுங்கியது. சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். உழவருக்குப் பின்னால் வரிசை தெருமுனை தாண்டி நீண்டிருந்தது. மாமியார்கள், மருமகள்கள், தாத்தாக்கள், கடனில்லாமல் கல்யாணம் முடித்த அப்பன்கள், யாரோ ஓட்டி வந்த ஒரு கறவை மாடு. முற்றம் நிறைந்து, அழுகையும் சிரிப்பும் மாட்டின் குரலுமாகக் கருவூலத்துக்குள் எதிரொலித்தது.

தைலம்மைக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை பேரா? விற்ற நகைகள் அவளுக்கு ஞாபகம் இருந்தன. அவை வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆயின என்று அவள் கேட்டதே இல்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தாள். பட்டுப் புடவை, கையில் மூன்று வயசுப் பையன், பின்னாலேயே இளம்பெண் ஒருத்தி. கோடிலிங்கனார் எழுந்துவிட்டார்.

"அகிலாண்டம்! நீ எங்கே இங்கே?"

அவள் அவருடைய மனைவி. பையன் அவருடைய பேரன். பின்னால் வந்தவள் மருமகள்.

"முரசு அடிச்சாங்களே, காதுல விழலையா? உங்க ஆணைதானே?" என்றாள் அகிலாண்டத்தம்மாள். பிறகு தைலம்மையின் பக்கம் திரும்பி, "நீ சொல்லியிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும், தாயி. அதனாலதான் நானே வந்தேன்" என்றாள்.

அப்புறம் முற்றம் முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"மூணு வருஷம் நானும் மருமகளும் பேசலை. ஒரே அடுப்புக்கு ரெண்டு பானை வச்சுச் சமைச்சோம். இந்த மனுஷருக்கு அதுகூடத் தெரியாது. சமாதானத்துக்கு ஒரு மூக்குத்தி வாங்கலாம்னு முக்காடு போட்டுட்டுப் போனேன். வேலைக்காரி கிட்ட குடுத்து அனுப்பப் போறேன்னேன். 'நீங்களே போட்டுவிடுங்கம்மா. மூக்குத்தி போட்டுவிடுறவங்க முகம் ரொம்பப் பக்கத்துல வரும்; அவ்வளவு பக்கத்துல வந்துட்டா கோவமா இருக்க முடியாது' ன்னு இவதான் சொன்னா. போட்டுவிட்டேன். ரெண்டு பேரும் அழுதுட்டோம்."

சபேசன் வாயைப் பிளந்தான். "அக்கா, அப்ப நீகூட என் மேடைக்கு வரலையா?"

"உன்கிட்ட வந்தா ஊர் முழுக்க சொல்லியிருப்பியே, தம்பி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அகிலாண்டத்தம்மாள் பேரனைத் தூக்கித் தராசுத் தட்டில் உட்கார வைத்தாள். "அதுக்கப்புறம் பொறந்தவன் இவன். விளைஞ்சது எல்லாம் கருவூலத்துக்குன்னு எழுதினீங்களே, இந்தாங்க. எங்க ரெண்டு பேரோட ஒத்துமையும் விளைஞ்சதுதான். அதனால நாங்களும் உள்ளேதான் இருக்கணும். ராத்திரிச் சோத்துக்கு நீங்க வேற ஏற்பாடு பண்ணிக்குங்க."

பேரன் தாத்தாவைப் பார்த்துக் கையை நீட்டினான். கோடிலிங்கனார் தம்மையறியாமல் அவனைத் தூக்கப் போனார்.

"தொடாதீர்!" என்றார் மருதப்பர். "சேர்த்தவை வெளியே போகக் கூடாது. தங்கள் எழுத்து."

கோடிலிங்கனார் அரசர் காலில் விழுந்தார். "அரசே! என் பேரன் இருட்டில் பயப்படுவான். ஆணையைத் திரும்பப் பெற வேண்டும். எழுதியது என் பிழை. பொறாமைப் பிழை."

அரசரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓலையை வாங்கி, இரண்டாகக் கிழித்து, தட்டில் இருந்த பையனிடம் விளையாடக் கொடுத்தார். ஆணை போட்ட அரசரே கூட்டத்துக்கு நடுவே ஓர் ஆணையைக் கிழித்தது அந்த நாட்டில் அதுதான் முதல் தடவை.

"தைலம்மை, நீயே சொல். உன் கையில் ராசி உண்டா, இல்லையா?"

அவள் கைகூப்பினாள். "இல்லை, அரசே. நகை விற்கிறவள் கொடுக்கிறது கொஞ்சம் நேரம்தான். அந்த நேரத்தில் அவங்க ஒருத்தரை ஒருத்தர் நினைச்சுக்கிறாங்க. மற்றதெல்லாம் மேலே இருக்கிறவன் பார்த்துக்கிறான்."

"அப்படியானால் எமக்கும் கொஞ்சம் நேரம் கொடு. அரசிக்கு ஒரு நகை வேண்டும். உன் கையால்தான் வாங்குவோம்."

"அரசியாருக்கு எது பிடிக்கும், அரசே?"

அரசர் யோசித்தார். "அரசி எம்மிடம் எதுவும் கேட்டதே இல்லை."

"நீங்கள் கேட்டதுண்டா?"

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். மருதப்பர்கூட மூச்சை அடக்கிக்கொண்டார். அரசர் இடது காதுக் கடுக்கனைத் திருகினார். பிறகு எழுந்தார். "நாளை வருகிறோம்" என்று மட்டும் சொன்னார்.

'நாளைக்கு வருகிறேன்' என்று சொல்லிப் போகிறவர்கள் வருவதில்லை. எந்த நகைக்கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அரசர் வந்தார். பல்லக்கில் அரசியும் வந்தாள்.

அரசர் முகத்தில் களைப்பும் வெட்கமும் கலந்திருந்தன. "கேட்டோம், தைலம்மை. பதினோரு வருஷமாக நாம் மாலைமேல் மாலையாகக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு வேண்டியது மெட்டியாம். கல்யாணத்தன்று போட்ட மெட்டி அளவு சிறிது, அன்றிலிருந்து விரலை இறுக்குகிறதாம். அரசர் போட்டதைக் கழற்றலாமா என்று பொறுத்துக்கொண்டிருந்தாளாம்."

தைலம்மை நூலால் விரலை அளந்தாள். அந்தக் கடையிலேயே விலை குறைந்த பொருள், ஒரு ஜோடி வெள்ளி மெட்டி, எடுத்தாள். கண்ணை ஒரு நொடி மூடித் திறந்து, அதை அரசியிடம் கொடுக்காமல் அரசரிடம் நீட்டினாள்.

"மெட்டியைக் கணவர்தான் போட்டுவிடணும், அரசே. அதுதான் வழக்கம்."

அரசர் தெருவைப் பார்த்தார். தெருவே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. சரியென்று குனிந்தார். குனிந்த வேகத்தில் கிரீடம் நழுவிற்று. கீழே விழுவதற்குள் மருதப்பர் பாய்ந்து பிடித்துவிட்டார்.

"அரசே, நிதானமாகப் போடுங்கள்" என்றார், கிரீடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு. "அதுவரை நாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அரசி சிரித்துவிட்டாள். பதினோரு வருஷத்தில் அவள் சிரித்து யாரும் கேட்டதில்லை. அரசர் அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை தாமும் சிரித்தார். பிறகு கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மருதப்பரின் கழுத்தில் போட்டார். தைலம்மை உயிரோடு இருக்கும்வரை அந்த மேடை அவளுடையது, வேலைக்கு நடுவே உட்கார்ந்துகொள்ள அவளுக்கு ஒரு நாற்காலியும் வேண்டும் என்று ஆணையிட்டார். அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை.

தைலம்மை எல்லாவற்றையும் கேட்டுக் கும்பிட்டாள். பிறகு தயங்கித் தயங்கி, "அரசே, கோவிச்சுக்கக் கூடாது. கொஞ்சம் அந்தப் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள்" என்றாள். "பின்னாலே ஒரு கல்யாண வீட்டார் ரொம்ப நேரமா நிக்கிறாங்க."